லூயிசா டீச்சர் தொட்டுக் காட்டிய முகம்

லூயிசா டீச்சருக்கு மறதி என்பதே கிடையாது என்று சாந்தோம் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே லூயிசா டீச்சர்தான். முப்பத்தோரு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். தொப்பையும் மீசையுமாகக் கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவனைப் பார்த்து, "நீ எழுபத்தொன்பது பேட்ச். சிலேட்ட எச்சில் தொட்டு அழிப்பியே, அவன்தானே?" என்பார். வந்தவன், வருங்கால மனைவி முன்னால் நெளிவான். டீச்சருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது ஒரு காட்டன் புடவையும் குடையும்தான்.

தொண்ணூற்று நாலு ஆகஸ்டில் ஒருநாள், காலைப் பூசை முடிந்து கச்சேரி ரோட்டில் திரும்பியபோது, ஒரு யமஹா அவரை உரசிக்கொண்டு போனது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். டீச்சர் குப்புற விழுந்தார். எழுப்பி உட்கார வைத்தபோது வண்டி போன திசைகூட யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து பைக் சத்தம் கேட்டாலே டீச்சருக்கு உடம்பு உதறியது. ஆனாலும் ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னார். முதல் வாரம் திருடன் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் வாரம் பார்த்துச் சிரித்தான். மூன்றாம் வாரம் சிரித்த பல்லின் வரிசைகூடத் தெரிந்தது. போலீஸ் ஒருவனைப் பிடித்துவிட்டது, வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்று ஆள் வந்தபோது, "காட்றேன். நான் ஒரு மூஞ்சியப் பாத்தா சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார்.

ஜெயிலுக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் பத்துப் பேரை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். திருடனைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஏழாவது ஆள் முன்னால் வந்ததும், 'இவனைத் தெரியும்' என்று மனசு அடித்துச் சொன்னது. அவனும் டீச்சரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். என்ன திமிர்! டீச்சர் அவன் தோளில் கை வைத்தார். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பேசக்கூடாது என்று ஒரு காவலர் அதட்டினார்.

டிசம்பரில் கோர்ட் சம்மன் வந்தது. அதில்தான் அவன் பெயரை டீச்சர் முதன்முதலாகப் பார்த்தார்: அய்யாதுரை. வயது இருபத்தாறு. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை என்று சம்மன் கொண்டுவந்த கான்ஸ்டபிள் சொன்னார். ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் இன்னும் உள்ளேதான் இருக்கிறானாம்.

டீச்சரின் வாய் தன்னால் முணுமுணுத்தது. "அந்தோணி, அப்துல் கஃபார், அய்யாதுரை..." எழுபத்தாறாம் வருஷத்து வருகைப் பதிவேடு. மூன்றாவது பெயரோடு முகமும் வந்தது. பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்று சிரிக்கிற பையன். அதே சிரிப்பு.

கணவர் ஆம்ப்ரோஸ் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஓடினார்.

"என்கிட்ட படிச்ச புள்ளதாங்க அவன். அதனாலதான் தெரிஞ்ச மூஞ்சியா இருந்துச்சோ?" என்றவர், உடனே தன்னையே சமாதானம் செய்துகொண்டார். "படிச்சா இன்னா, திருடமாட்டானா? வண்டியில திரும்பிப் பாத்தானே, இமைகூட எனக்கு ஞாபகம் கீது."

ஆம்ப்ரோஸ் பேப்பரை மடித்தார். "இமையா? அன்னிக்கு நீ வுழுந்ததுல கண்ணாடி தூள் தூளாப் போச்சி. உன்னக் கையப் புடிச்சி இட்டாந்தாங்க. நான்தானே லஸ் கடையில குடுத்து மாத்திகினு வந்தேன்? 'ஒண்ணுமே தெரியலீங்க'ன்னு அழுதியே, லூயிசா. நீ எங்கேர்ந்து அவன் மூஞ்சியப் பாத்த?"

டீச்சருக்குக் கண்ணாடி உடைந்ததே நினைவில் இல்லை. எத்தனையோ முறை சொன்ன கதையில் அது எங்கேயோ உதிர்ந்துவிட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாலடி தள்ளி நின்ற கணவரைப் பார்த்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு மாதிரி ஏதோ இருந்தது. கண்ணை மூடினார். யமஹாவில் அய்யாதுரை திரும்பிப் பார்த்துச் சிரித்தான், பல் பல்லாக.

அப்போது வந்த பயம் சங்கிலி போனபோதுகூட வரவில்லை. அம்மா செத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேனே, அது நிஜமா? கல்யாணத்தன்று மழை பெய்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா? ஞாபகம்தான் லூயிசா என்றால், அது பொய் சொன்னால் லூயிசா யார்?

விசாரணைக்கு முன்னால் டீச்சர் கண்ணாடி விஷயத்தைச் சொன்னதும் அரசு வக்கீல் அவர் காதில் போட்டு வைத்தார். "இப்ப மாத்திச் சொன்னா பொய்சாட்சி கேஸ் உங்க மேலயே பாயும்மா. ரிட்டயர் ஆகுற வயசுல தேவையா?" டீச்சர் கூண்டில் ஏறினார். எதிரே அய்யாதுரை. பாதி உடம்பாகியிருந்தான்.

"தப்பாக் காட்டிட்டேங்க. நான் அன்னிக்கு யாரையும் பாக்கல" என்றார்.

வக்கீலுக்கு வந்ததே கோபம். "கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க. அந்த வண்டியில யார் தெரியுறாங்க?"

டீச்சர் மூடிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியவில்லை. "இவன்தாங்க தெரியுறான். ஆனா அது நான் பாத்தது இல்ல. எனக்குள்ள அதுவா வந்து உக்காந்துகிச்சி."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பற்றி ஆம்ப்ரோஸையும் கூப்பிட்டு விசாரித்தார். வேறு சாட்சி இல்லாததால் அய்யாதுரையை விடுதலை செய்தார்.

வராந்தாவில் டீச்சர் அவனுக்காகக் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். அவன் வந்தான்.

"மிஸ், அன்னிக்கு வரிசையில நின்னப்பவே என்னைய அடையாளம் தெரிஞ்சிச்சா மிஸ்?" என்று ஆசையாகக் கேட்டபடி, காலைத் தொட்டுக் கும்பிட நெருங்கிக் குனிந்தான்.

டீச்சரின் கை, அவரைக் கேட்காமலே, வெறும் கழுத்தைப் பொத்திக்கொண்டது.

அய்யாதுரை பார்த்துவிட்டான். குனிந்தவன் நிமிர்ந்தான். "பரவால்ல மிஸ்" என்று இரண்டடி பின்னால் நகர்ந்து, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். கையை எடுக்க வேண்டும் என்று டீச்சர் எவ்வளவோ நினைத்தார். அவன் தெருமுனை தாண்டும்வரை எடுக்க முடியவில்லை.