நெற்றி சில்லென்று இருந்தால்

கம்பெனி கேட்டில் காய்ச்சல் பார்க்கிற வேலைக்குச் சந்தேகம்தான் முதல் தகுதி. கொரோனா சமயத்தில் ஒரகடத்தில் வருகிறவர் நெற்றிக்கெல்லாம் அந்த மிஷினை நீட்டியவள் நான். வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை, சந்தேகப்படாமல் முடியுமா? இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஒரே சிகரெட்

ஒருத்தருக்குச் சூடு அதிகம் காட்டியது. "வெயில்ல வண்டி ஓட்டிக்கினு வந்தேன்மா" என்றார். ஃபேனுக்கடியில் உட்கார வைத்தேன், இறங்கவில்லை. கூட வந்த மூன்று பேரையும் தள்ளி நிற்கச் சொன்னால், அவரைத் தெரியவே தெரியாதாம். காலையில் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நாலு பேரும் ஒரே சிகரெட்டைக் கை மாற்றியதை பஸ்ஸிலிருந்து பார்த்தவளாச்சே நான்! கேட்டதற்கு ஒருத்தர் சொன்னார்: "தம்மு மட்டும்தான் சிஸ்டர் ஒண்ணா அடிப்போம், மத்தபடி பழக்கமில்ல."

ஐஸ் பாக்கெட்

பெண்கள் வரிசையில் வேறு தினுசு. அசெம்பிளி லைன் செல்விக்கு அளவு ரொம்பக் கீழே காட்டியது. அடுப்படியிலிருந்து ஓடி வருகிற பொம்பளைக்கு இவ்வளவு குளிர்ச்சியா? துப்பட்டாவுக்குள் கை எதையோ மறைத்தது. வரிசையில் நின்றபடியே நெற்றியில் ஒற்றிக்கொண்டு வந்த ஐஸ் தண்ணீர் பாக்கெட்! இன்னொரு கையைத் தொட்டேன், கொதித்தது. பேசும்போதே மூச்சு வாங்கியது.

காய்ச்சல் முதலில் வந்தது அவள் புருஷனுக்கு. அவர் லீவு போட்டுப் படுத்தார். இவள் கஞ்சி வைத்து, ஆவி பிடிக்க வைத்துத் தேற்றிவிட்டாள். "நீயும் லீவு போட வேண்டியதுதானே?" என்றேன்.

"லீவு போட்டா வூட்ல ரெஸ்ட்டா கீது? நாள் பூரா சமையல்தான் கீது. இங்கன்னா லைன்ல குந்த ஸ்டூலாவது கீது கா."

டம்ளர்

செல்வியை கம்பெனி ஹாஸ்டலில் தனியாகப் படுக்க வைத்தார்கள். அங்கேயும் காய்ச்சல் பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். முதலில் பயந்தே போனேன். எழுந்து உட்காரவே அவளால் முடியவில்லை. மெல்ல மூச்சு சீரானது. சாப்பிட்டாள், தூங்கினாள், திரும்பவும் தூங்கினாள். புருஷன் மட்டும் போனில், "எப்போ வருவ, பசங்க ஓட்டல் இட்லி வேணாங்குதுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்ற அன்றைக்குப் பார்த்து மிஷினில் மறுபடி சூடு ஏறியிருந்தது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தலைமாட்டில் ஆவி பறக்கும் கபசுரக் குடிநீர் டம்ளர். நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"கல்யாணமானதுக்கப்புறம் காலை நீட்டிக்கினு படுத்தது இங்கதான் கா. ஞாயித்திக்கிழமை வரைக்கும் காய்ச்சல் கீதுன்னு சொல்லிடேன்."

எல்லார் பேச்சையும் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கிய நான், அன்றைக்கு மட்டும் மிஷின் காட்டியதை அப்படியே நம்பிவிட்டேன்.