கொம்பு ஓணானைக் கண்டுபிடித்த காலை

நாங்கள் குடியிருக்கும் பிளசன்டனிலிருந்து அந்தப் பாலைவனப் பூங்காவுக்கு ஒன்பது மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். நானாக விரும்பிப் போகவில்லை. என் மனைவி ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் வாட்டர்கலர் கற்றுக்கொண்டிருந்தாள். பூங்காவில் மார்ச் மாதம் இரண்டு நாள் ஓவிய முகாம் நடக்கும். காலையில் நடந்துபோய்ச் செடிகளையும் விலங்குகளையும் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து வரையவேண்டும். என்னைக் கேட்காமலே என் பெயரையும் பதிவுசெய்துவிட்டாள்.

“நான் டிரைவ் மட்டும் பண்றேன். நீ வரைஞ்சிட்டு வா, நான் கார்லயே லேப்டாப் பாத்துட்டிருக்கேன்” என்றேன்.

“அங்க சிக்னலே கிடையாதுங்க” என்றாள், மிகுந்த சந்தோஷத்தோடு.

எனக்குச் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்துப் பார்க்க வராது. பிறவியிலேயே அப்படி. ஈரோட்டில் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாமரம் வரைந்து இலைகளுக்கெல்லாம் பிரவுன் தீட்டிவிட்டேன். டிராயிங் மாஸ்டர் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, “இவன் மரத்துக்குத் தண்ணியே ஊத்தலைடா” என்று வகுப்பு முழுவதற்கும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு வரைந்ததில்லை. என் கண் இப்படி என்பது இங்கே என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் தக்காளி வாங்குவது எப்போதும் அவள்தான்.

முதல் நாள் காலை பத்துப் பேர் நடந்தோம். வழிகாட்டியாக வந்தவர் பூங்காவில் வாலண்டியராக இருக்கும் ஒரு பெண், எங்களைவிட இளையவர். மணலில் மஞ்சள் பூக்கள் விரிந்திருந்தன. தூரத்துப் பாறைச் சரிவில் காட்டு ஆடுகள் மூன்று நின்றன. எல்லோரும் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தினார். கொம்பு ஓணான் ஒன்று குறுக்கே ஓடியது, இப்போது நம் காலுக்குப் பத்தடிக்குள்தான் எங்கோ இருக்கிறது, யாரும் நகரவேண்டாம் என்றார். தலையைச் சுற்றிச் சின்னச் சின்ன முட்கள் கொண்ட, உள்ளங்கை அளவுப் பிராணி. ஓடி நின்றுவிட்டால் மணலோடு மணலாகிவிடும்.

ஒன்பது பேர் குனிந்து தேடினார்கள். வழிகாட்டிக்கே அது பிடிபடவில்லை.

எனக்குத் தெரிந்தது. தேடக்கூட இல்லை. இரண்டு கற்களுக்கு நடுவில் தட்டையாக, வட்டமாகப் படுத்திருந்தது. இதை எப்படி இவர்கள் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று குழப்பமாக இருந்தது.

“அதோ, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல” என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்.

“எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

அவள் கையைப் பிடித்து நேராக நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஐயோ, கண்ணு சிமிட்டுது!” என்றாள்.

வழிகாட்டி என் பக்கத்தில் வந்து, தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்து, எனக்கு நிறக்குருடு உண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆமென்று தலையசைத்தேன். தன் தம்பிக்கும் அப்படித்தான் என்றார் அவர். மற்றவர்களுக்கெல்லாம் நிறம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது, அவன் வடிவத்தைப் பார்த்துவிடுகிறான், அவனோடு நடக்கப் போனால் ஒரு பிராணியும் தப்பாது என்றார். அவர் குரலில் இரக்கம் இல்லை. பொறாமைதான் கொஞ்சம் இருந்தது.

பெட்டியிலிருந்து மனைவி பென்சில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். “கலரே வேண்டாம். சும்மா வரைங்க.”

மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். முதல் தாளில் வந்தது ஒரு தோசை. இரண்டாவது தாளில் முட்கள் வந்தன. மேலே பறந்த ஒரு பருந்தின் நிழல் மணலைக் கடந்தபோது ஓணான் இன்னும் தட்டையாகிவிட, மூன்றாவது தாளை எடுத்தேன். அரை மணி நேரம் அது எனக்காகவே படுத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலுக்குள் புதைந்துகொண்டது. பின்னங்கால் ஒன்றை நான் தவறாகப் போட்டிருந்தேன். ஆனால் அது ஓணான்தான் என்று யாருக்கும் தெரியும்.

மதியம் எல்லோருடைய படங்களையும் மேஜையில் பரப்பியபோது வழிகாட்டி என் தாளைக் கேட்டார். தகவல் மையத்தில் மாட்டிவைத்தால், எதைத் தேடவேண்டும் என்று வருகிறவர்களுக்குப் புரியும் என்றார். ஓரத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் மனைவி, “அடுத்த வருஷம் நீங்களே ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, நான் பண்ண மாட்டேன்” என்றாள்.

பண்ணினேன். மூன்று வருடமாக நான்தான் பண்ணுகிறேன். வீட்டு வேலியில் வெயில் காயும் ஓணான்களை வரைந்து நோட்டுகள் நிறைந்துவிட்டன. எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது என்று ஆபீஸிலும் ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுவாரமே நாங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கும் டாஷ்போர்டில் நிறத்தோடு அடையாளக் குறிகளையும் சேர்த்துவிட்டார்கள்.

இந்த மார்ச்சில் பாலைவனத்தில் காற்று அதிகம். காலை முழுவதும் நடந்தும் ஒரு கொம்பு ஓணான்கூடக் கிடைக்கவில்லை. ஒரு புதரடியில் வால் இழுபட்ட கோடும், இருபக்கமும் குட்டிக் காலடிகளும் இருந்தன. குனிந்து பார்த்த மனைவி, “காத்து இன்னும் அழிக்கல. இப்பதான் போயிருக்கு” என்றாள். நான் உட்கார்ந்து அந்தத் தடத்தை வரைய ஆரம்பித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷை நனைத்தாள்.