பயணம் சொல்லிப் போகாதவள்

ஜெஸ்லியா செய்த ஒரே தவறு, விசா கைக்கு வருமுன் பயணம் சொன்னதுதான். அதுவும் அவளாகச் செய்ததில்லை. லண்டனிலிருந்து கணவன் றிபாத் இந்த மாதத்துக்குள் வந்துவிடும் என்று அடித்துச் சொன்னான். உம்மா கலண்டரைப் பார்த்தாள். நோன்பு தொடங்கிவிட்டால் யாரும் பகல் விருந்துக்குக் கூப்பிட முடியாது. தூரப் பயணம் போகிறவளை வெறும் வயிற்றோடு அனுப்பினார்கள் என்ற பேச்சு சிலாவத்துறையில் எவருக்கும் பிடிக்காது. ஆகவே நோன்புக்கு முந்திய வாரமே தாயும் மகளும் இறங்கிவிட்டார்கள்.

பயணம் சொல்வதென்றால் சும்மா வாசலில் நின்று கை காட்டிவிட்டு வருவதில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்குறைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும். அவர்களும் மனம் பொருந்திக் கொடுக்க வேண்டும். ஜெஸ்லியா எல்லா வீட்டிலும் அழுதாள், எல்லா வீட்டிலும் சாப்பிட்டாள். பாலர் பாடசாலையில் அவளிடம் படித்த வாண்டுகளிடம்கூட மாப்புக் கேட்டாள். கடைசியாக அடுத்த வீட்டு அப்ராவிடம் போனாள். ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாய் அந்தப் பாலர் பாடசாலையில் படிப்பித்தவர்கள். அப்ரா அப்போது வயிறும் பிள்ளையுமாக இருந்தாள். என் பிள்ளையைப் பார்க்காமல் போகிறாயே என்று கட்டிப்பிடித்து அழுததில் இரண்டு பேருடைய முக்காடும் நனைந்துபோயிற்று.

விசா வரவில்லை. றிபாத் இடையில் வேலை மாறியிருந்தான். புது வேலையில் ஆறு மாதமாவது முடிய வேண்டும் என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

அதை அப்படியே சொல்லியிருந்தால் ஊர், "அல்லாஹ் லேசாக்குவான்" என்று விட்டிருக்கும். உம்மாவுக்கோ மானம் பெரிது. அந்த வாரமே தையல்காரி வீட்டில் யாரோ விசாரிக்க, மகள் கொழும்பில் சாச்சி வீட்டில் நிற்கிறாள், அங்கிருந்தே விமானம் ஏறுவாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டுமே.

அன்றிலிருந்து ஜெஸ்லியா தன் சொந்த வீட்டிலேயே ஒளித்திருந்தாள். முன் ஜன்னலுக்குப் பூட்டு. முற்றம் கூட்டுவது விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முந்தித்தான். அவளுடைய உடுப்புகள் குசினிக்குள் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காய்ந்தும் காயாமலும் நாறின. யாராவது கேற்றைத் தட்டினால் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்வாள். ஒருநாள் அங்கே நிற்கும்போது தும்மல் வந்துவிட, வெளியே நின்ற உம்மா அவசரமாகத் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாப்பா இந்தக் கூத்துக்குள் வரவில்லை. மன்னார்ச் சந்தைக்கு மீன் கொண்டுபோவதும் வருவதுமாக இருந்தார்.

லண்டனுக்கான ஆயத்தம் மட்டும் நிற்கவில்லை. றிபாத்தின் குசினியில் கரண்டி எந்த மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, அவன் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம், அங்கிருந்து இறைச்சிக் கடை என்று விரலால் நடந்து பழகினாள். குளிருக்கு வாங்கிய தடித்த ஜக்கெற்றைப் போட்டுப் பார்த்து, வியர்த்து ஊற்றக் கழற்றினாள். போகாத தெருவெல்லாம் பாடமாகிவிட்டது, வீட்டுக்கு முன்னால் கிடந்த ஒழுங்கையில் கால் வைக்க வழியில்லை. சிறைக்குப் போனவனுக்காவது எப்போது விடுவார்கள் என்று தெரியும் என்று ஒருநாள் றிபாத்திடம் ஆத்திரத்தில் கத்திவிட்டு, பிறகு தலையணையில் முகத்தை வைத்து அழுதாள்.

எல்லாவற்றிலும் கொடுமை தகர வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அப்ராவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அவள் ஃபோனில் கூப்பிட்டபோதெல்லாம் ஜெஸ்லியா எடுக்காமல் இருந்துவிட்டாள். பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்ல உம்மா விடவில்லை. பிறகு அப்ராவும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பிள்ளையின் நாற்பதாம் நாளுக்கு உம்மா தனியாகப் போய், மகள் கொழும்பிலிருந்து சலாம் சொன்னதாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஜெஸ்லியாவுக்கோ பிள்ளையின் முகம் தெரியாது, அழுகை மட்டும் தெரியும். பசிக்கு ஒரு மாதிரி அழும், தூக்கத்துக்கு ஒரு மாதிரி அழும்.

ஒருநாள் மத்தியானம் அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. உம்மா பெரியமடுவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். அப்ராவின் கணவன் கடலில். பிள்ளை வீரிட்டது, மூச்சுப் பிடித்து நின்றது, மறுபடியும் வீரிட்டது. தேற்றுகிற சத்தமே இல்லை. ஜெஸ்லியா பின்கதவுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலியில் தகரம் விலகியிருந்த இடத்தால் குனிந்து நுழைந்தேவிட்டாள். தகரம் முழங்கையைக் கீறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அப்ரா பின்தாழ்வாரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, களைத்துப்போய் நின்றிருந்தாள். பிள்ளைக்கு வயிற்றுக்குத்து, வேறொன்றுமில்லை. ஜெஸ்லியாவைக் கண்டு அவள் திடுக்கிடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"கொழும்பில இருந்து வாறியோ?" என்று கேட்டாள்.

"நான் போகேல்ல அப்ரா. இஞ்சதான் இருந்தனான்."

"தெரியும். நான் பிள்ளைக்குப் பால் குடுக்க எழும்பிற நேரத்திலதான் நீ முத்தம் கூட்டுறனீ. எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே தெரியும்."

கேற்றைத் தட்ட வந்தவர்கள் தூரத்திலேயே உரக்க இருமியதும், ஜன்னல் பக்கம் தலை திருப்பாமல் போனதும் ஜெஸ்லியாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. உம்மா போட்ட பூட்டுக்கு மேலே ஊரும் மரியாதையாக ஒரு பூட்டுப் போட்டிருந்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைக்குக் கையை நீட்டினாள். அப்ரா கொடுக்கவில்லை.

"அண்டைக்கு நீ கேட்ட மாப்பு, அண்டுவரைக்கும் செய்ததுக்கு. அதை மனசாரக் குடுத்தனான். பிள்ளை பிறந்தும் எட்டிப் பாக்காம வேலிக்கு அங்கால இருந்தியே, அதுக்கு நீ இன்னும் கேக்கேல்ல."

ஜெஸ்லியா கேட்டாள். வீடு வீடாகச் சொல்லித் திரிந்த அந்த வார்த்தைகள் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை. "மாப்புத் தா" என்பது மட்டும் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

பிள்ளை ஓய்ந்து தோளிலேயே தூங்கத் தொடங்கியிருந்தது. அப்ராவின் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் அவள் தந்தேன் என்று சொல்லவில்லை. ஜெஸ்லியா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே வேலிப் பக்கம் திரும்பினாள்.

"இப்பிடி வந்தால் தரமாட்டன்," என்றாள் அப்ரா. "நாளைக்குப் பகல்ல, எல்லாரும் பாக்க, ரோட்டால வந்து முன்கேற்றைத் தட்டு. அப்ப தாறன். பிள்ளையையும் தாறன்."