என் இடது கண்ணும் முதலாளியின் காரும்

இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் நான். ஒரு தடவைகூட ஓட்டும்போது கண் அசந்தது கிடையாது.

உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு தடவை அசந்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் இடது கண். சின்ன வயதில் கிட்டிப்புள் பறந்து வந்து அடித்ததில் இமை பாதி இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பார்வையில் குறை இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் பாதித் தூக்கத்தில் இருக்கிறவன் மாதிரி தெரிவேன். பெண் பார்க்கப் போன இடத்தில், தன் மகளைப் பார்த்துக் கண்ணடித்ததாக மாமனார் சண்டைக்கு வந்தார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினேன். பிறகு பெரம்பலூரில் ஒரு முதலாளிக்குக் கார் டிரைவரானேன். பத்து வருஷத்தில் அவர் என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பின் சீட்டில் இருப்பவருக்கு என் பிடரிதானே தெரியும்.

அப்புறம் புது கார் வந்தது. வெளிநாட்டு வண்டி. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தானே இழுக்கும். முன்னால் ஏதாவது நின்றால் தானே பிரேக் போடும். டிரைவர் தூங்குகிறானா என்று பார்க்க ஒரு சின்ன கேமராவும் உண்டு. என் கெட்ட நேரம், அது இருந்தது இடது கண்ணுக்கு நேராக. முதல் நாள் குரும்பலூர் தாண்டுவதற்குள் 'டிங்' என்று மணி அடித்தது. எதிரே ஒரு காபி கப் படம் வந்தது. அட, காபிகூடக் கொடுக்கிறதே என்று குழாயைத் தேடினேன்.

"டிரைவரே, தூங்குறியா?" என்றார் முதலாளி.

"இல்லீங்களே மொதலாளி."

"தூக்கம் வந்தாத்தான் அந்தப் படம் வரும்னு ஷோரூம்ல சொன்னாங்க."

"நல்லாத்தாங்க முழிச்சிருக்கேன். என் கண்ணே அப்படித்தாங்க."

"நீ பொய் சொல்லுவ. இவ்வளவு காசு குடுத்து வாங்குன வண்டி எதுக்குய்யா பொய் சொல்லப் போவுது?"

தினமும் டிங். பத்து வருஷமாகப் பின் சீட்டில் குறட்டை விட்டவர், இப்போது விழித்திருந்து என்னைக் காவல் காத்தார். ஒரு நாள் சொல்லியேவிட்டார்: "இனி ஒரு தடவ மணி அடிச்சா வேற ஆள் பாத்துக்குவேன்."

நாலாம் கிளாஸ் தாண்டாதவன் நான். ஐம்பது வயதில் எனக்கு வேறு யார் சாவி கொடுப்பார்கள்? கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தேன். அந்தக் கேமரா அதையும் தாண்டிப் பார்த்தது. கடைசியில் மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி, இமையைத் தூக்கிப் புருவத்தோடு ஒட்டினேன். மணி நின்றுவிட்டது. இமைக்க முடியாததால் கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. பிளாஸ்திரியைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு காரை விட்டு இறங்கும்போது முதலாளி பார்த்துவிட்டார்.

"ஏன்யா அழுவுற?"

"எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சுங்க."

"தவறி எத்தன வருசமாச்சு?"

"உசுரோடதாங்க இருக்கு. அதான் அழுவுறேன்."

தை மாதம், அவர் மகனை அழைத்துவர இரவெல்லாம் சென்னை ஏர்போர்ட் போய்த் திரும்பினேன். விடிந்து வீடு சேர்ந்ததும் அரியலூருக்கு வண்டியை எடுக்கச் சொன்னார்.

"மொதலாளி, அர மணி நேரம் கண்ண மூடிக்கிறேங்க. ரொம்ப அசதியா இருக்கு."

"வண்டியே ஒண்ணும் சொல்லல. பத்து நாளா மணி அடிக்கல. உனக்கு என்ன அசதி? எடுய்யா."

பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன், அது எப்படி அடிக்கும் என்று சொல்ல முடியுமா? எடுத்தேன்.

பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு டிப்பர் லாரி போய்க்கொண்டிருந்தது. அதுவரை ஞாபகம் இருக்கிறது. என் வலது கண் எப்போது மூடியது என்று தெரியாது. இடது கண் பிளாஸ்திரியில் தொங்கிக்கொண்டு திறந்தே இருந்திருக்கிறது. அதைப் பார்த்து, பயல் விழித்திருக்கிறான் என்று கேமரா சும்மா இருந்துவிட்டது.

பெல்ட் நெஞ்சை அறுத்தபோதுதான் விழித்தேன். சோளத்துக்காக டிப்பர் சட்டென்று நின்றிருக்கிறது. கார் தானாகவே பிரேக் போட்டு நின்றிருந்தது. டிப்பரின் பின்பலகைக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

"என் சாமி," என்று முதலாளி தட்டிக்கொடுத்தார். என்னை இல்லை, முன் சீட்டை. பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்திரி ஒரு பக்கம் பிய்ந்து புருவத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா அது?"

"பிளாஸ்திரிங்க."

"எதுக்கு?"

"நான் முழிச்சிருக்கேன்னு வண்டி நம்பறதுக்குங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். அவரே ஓட்டினார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். நல்ல மெத்தை. தூங்கிவிட்டேன்.

என் உயிரைக் காப்பாற்றியது அந்த வண்டிதான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் நான் விழித்திருந்த நாளெல்லாம், தூங்குகிறான் என்று அது சொன்னதை முதலாளி நம்பினார். தூக்கம் வருகிறது என்று நானே வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு மட்டும் நம்பவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? கேமராவிடமா?

வேலையை விட்டு அனுப்பவில்லை, அவ்வளவு நல்லவர். கேட்டில் உட்கார வைத்தார். கேட்டுக்கு அரைக்கண் போதுமாம். புது டிரைவருக்கு இரண்டு கண்ணும் அவித்த முட்டை மாதிரி இருக்கும். போன வாரம் அவனுக்கும் காபி கப் வந்திருக்கிறது. அதற்கு முதலாளி அவனிடம் என்ன சொன்னார் தெரியுமா? அவன்தான் வந்து சொன்னான். அதாவது...

"யோவ் வாட்ச்மேனு, எவ்வளவு நேரம் ஹாரன் அடிக்கிறது? தூங்கிட்டியா? கேட்டத் தொறய்யா."

"இதோ வந்துட்டேங்க மொதலாளி."