கிழக்கிலிருந்து வந்த ஆறு

திருத்தணிக்கு வடக்கே, நகரி மலைகள் தெரியும் ஓர் ஓடையில் மண்டியிட்டு, பாறைக்குள் இறுகிக் கிடந்த கூழாங்கற்களின் சாய்வைக் காம்பஸால் அளந்த அந்தப் பகல் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதி. அளந்தவன் நான். நோட்டில் குறித்தவர் என்னோடு ஒரே நாளில் நிலவியல் துறையில் பணியில் சேர்ந்த மேடம். திருத்தணி நெசவுக் குடும்பத்துப் பெண்.

ஓடும் நீர் தட்டைக் கற்களைத் தான் வரும் திசை நோக்கிச் சாய்த்துவிட்டுப் போகும். ஆறு வற்றி, மணல் பாறையாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தாலும் அந்தச் சாய்வு கலையாது. அங்கே கற்கள் கிழக்கே சரிந்திருந்தன. மேடம் அந்தத் திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறு அங்கருந்து வந்துகினு இருந்திருக்குது சார். அப்போ அங்க ஒரு மலை இருந்திருக்கணும். நம்ம நிலத்தோட ஒட்டிகினு இருந்து, அப்புறம் பிச்சிகினு போயிருக்குது.”

அதையே அறிக்கையில் எழுதினார். சென்னை அலுவலகத்தில் மேலதிகாரி சிரித்தார்.

“கிழக்க கடல்தானேம்மா இருக்குது? கடல்லேருந்து ஆறு வருமா? காம்பஸை யார் புடிச்சது?”

மேடம் என்னைப் பார்த்தார். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம்.

“அன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார். தப்பா பார்த்திருப்பேன்” என்றேன்.

ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை அளந்திருந்தோம். அந்தப் பக்கங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். மேடம் மறுத்தார். சில மாதங்களில் வேலையையும் விட்டார். எனக்கு உயர்வு வந்தது. அதன்பின் எந்த ஊர் ஓடையில் இறங்கினாலும், கற்களுக்கு முன் அவருடைய அந்தப் பார்வைதான் எனக்குத் தெரிந்தது. ஏழெட்டு ஆண்டுகள் அப்படியே போயின. ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக அதே ஓடைக்குப் போய் மறுபடி அளந்தேன். கிழக்கு. அடுத்ததும் கிழக்கு. அங்கிருந்து நேரே திருத்தணிக்கு, அவர் வீட்டுக்குப் போனேன்.

“அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் மேடம். இன்னைக்குப் போய் அளந்து பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி.”

“மறுபடியும் அளந்தாத்தான் தெரியுமா சார் உங்களுக்கு?” என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு கேட்டார்: “அந்த மலை இப்ப எங்க இருக்குதாம்?”

“ரொம்பத் தெற்கே, தென்துருவத்துப் பனிக்கு அடியில இருக்கும்னு சொல்றாங்க.”

“அடிக்கடி கனவுல வருது” என்றார்.

அப்போது பள்ளி விட்டு வந்த மகள், என்னைக் காட்டி “யாரும்மா இவரு?” என்று கேட்டாள்.

“ஆங்... ஏதோ விசாரிக்க வந்திருக்காரு. நீ உள்ள போம்மா” என்றார் மேடம்.