ஐஸ் பெட்டியில் ஹார்டு டிஸ்க்

ஜெயசீலன் ஹார்டு டிஸ்க்கை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவே ஐஸில் புதைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குச் சொந்தக்காரி வேலம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“யோவ், உன் இரும்பு நாத்தம் என் மீனுல ஏறப்போவுது!”

“மீன் நாத்தம் என் டிஸ்க்குல ஏறுதே, நான் எதுனா சொன்னேனா? ஒரு மணி நேரம் கம்முனு இரும்மா. அதுக்கு ஜுரம் எறங்கட்டும்.”

மரக்காணத்தில் கேமராப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ரேடியோவில் ஆரம்பித்து, டிவிக்கு வந்து, இப்போது இது. கழற்றிய ஸ்குரூக்களை வரிசையாகக் காகிதத்தில் ஒட்டி நம்பர் போடுவார். கடைசியில் ஒன்று மிஞ்சினால் முழுவதையும் மறுபடி பிரிப்பார். உப்புக் காற்று மிஷினுக்கு ஆகாது என்பதால், யார் இடத்துக்குப் போனாலும் முதலில் ஜன்னலைச் சாத்துவார், அப்புறம்தான் வணக்கம். சாகக் கிடக்கிற டிஸ்க்கைக் குளிரவைத்தால் பத்து நிமிஷம் ஓடும் என்பதும் அவரே செய்து பார்த்துக் கண்டுகொண்டது.

இந்த டிஸ்க் உப்பளக்காரர் தெய்வசிகாமணி உப்புக் குவியலைப் பார்க்க வைத்திருந்த காவல் கேமராவுடையது. போன வாரத்து மழையில் அவருடைய உப்புக் குவியலில் பாதி காணாமல் போயிருந்தது. மூடியிருந்த பனை ஓலை தரையில் கிடந்தது. காவல்காரன் சுப்ராயன்தான் உப்பை எடுத்து விற்பதற்காக ஓலையைப் பிரித்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். “நான் வேலைக்கு வந்தப்பவே ஓலை கீழதான்ங்க கெடந்துச்சி” என்று அவன் சொன்னது எடுபடவில்லை. வேலை போகிற நிலை. சுப்ராயன் வேலம்மாளின் புருஷன். மீனைத் தள்ளி டிஸ்க்குக்கு அவள் இடம் கொடுத்தது அதனால்தான்.

ஒரு மணி நேரம் கழித்து ஜெயசீலன் டிஸ்க்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு உப்பள ஆபீசுக்குப் போனார்.

“புது டிஸ்க்க அப்பறம் மாட்டு. இதுக்குள்ள அவன் திருட்டு இருக்குது, மொதல்ல அத எடு” என்றார் தெய்வசிகாமணி. சுப்ராயனை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். “திருடனுக்கு எதுக்கு டிவி?”

கேமராப் பெட்டியில் மாட்டியதும் டிஸ்க் மூன்று முறை விக்கிவிட்டுச் சுழன்றது. அறை முழுக்கச் சங்கரா வாசம். திரையில் 18-10-2005, மாலை 5:32. ஓலை மூடிய குவியல். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வருகிறார். கேமராவை அண்ணாந்து பார்க்கிறார். ஓலைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளுகிறார். பிறகு தலையைச் சீவிக்கொண்டு, வெள்ளை உப்பின் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்.

“நான்தான்!” என்றார் தெய்வசிகாமணி, சந்தோஷமாக. “பின்ன, ஓலைய படம் புடிக்கவா இவ்ளோ செலவு பண்ணி கேமரா வெச்சேன்? உப்பு தெரிய வேணாமா?”

திரையில் அவர் கையை வீசிக்கொண்டு போய்விட்டார். குவியல் திறந்தே கிடந்தது. முதல் தூறல் விழுந்தது.

தெய்வசிகாமணி செருமினார். “போதும்பா. கழட்டு. புதுச மாட்டு.”

“மாட்டிடறேங்க” என்றார் ஜெயசீலன். டிஸ்க்குக்கு இன்னும் நாலு நிமிஷம் உயிர் இருக்கும். டிவியை இரண்டு கையாலும் தூக்கி, ஒயர் எட்டுகிற மட்டும் நகர்த்தி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.