திருகாணியைக் கண்டுபிடித்த காந்தம்

எழுபது வயதுக்கு மேல் கைக்கடிகாரம் பழுது பார்க்கக் கற்றுக்கொள்வது வீட்டோடு இருக்கும் எரிச்சல் போதாமல் வெளியிலிருந்தும் கொஞ்சம் தருவித்துக்கொள்வதுதான். செல்போன் வீடியோவில் சொல்லித்தருபவனுக்குத் திருகாணி இடுக்கியில் அடங்கி உட்காருகிறது. எனக்குத் தெறித்து ஓடுகிறது. போன வாரமும் ஒன்று கட்டிலுக்கடியில் போனது. தேடுவதற்காக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை உருவினேன். சித்தப்பாவின் நினைவு வந்தது.

அப்போது ஜோகுபாளையத்தில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தார். மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச் பிரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. சந்தையிலிருந்து ஓடாத வாட்சுகளாக வாங்கிவந்து, பிரித்து, பூட்டி, தானாகக் கற்றுக்கொண்டிருந்தார். ஓடுகிற வாட்ச் ஒன்றை யாராவது நம்பித் தன்னிடம் தரவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு வருஷம் கெஞ்சியபிறகு அப்பா தன்னுடையதைச் சுத்தம் செய்து எண்ணெய் போடக் கொடுத்தார். அது அம்மாவைப் பெற்றவர் கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச்.

சித்தப்பா நன்றாகவே வேலை செய்தார். ஓடவிட்டு அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தம் அன்றுதான் எனக்குக் கிடைத்திருந்தது. அதை வாட்சின் கண்ணாடிமேல் வைத்தேன். விநாடி முள் நின்றது. எடுத்ததும் ஓடியது. வைத்தேன், எடுத்தேன். நேரத்தையே நிறுத்தி ஓட்டும் அதிகாரம் எட்டு வயதில் யாருக்குக் கிடைக்கும்? சலிக்கும்வரை விளையாடிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாளிலிருந்து அந்த வாட்ச் பறந்தது. தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க அப்பா ஒரு மணி நேரம் முன்னதாகவே டிபன் டப்பாவுடன் பனியில் போய் நின்றார். ராத்திரி வீட்டுக்கே போகவில்லையா என்று பால்காரர் கன்னடத்தில் விசாரித்தாராம். அந்தக் கோபம் முழுவதும் சித்தப்பாவின்மேல் இறங்கியது, மிச்சம் அம்மாவுக்கு.

"எங்கப்பா போட்டப்போ நல்லாத்தான் ஓடிச்சு," என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, வாட்சைத் தொட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்பாவின் பொருளைத் தொட்டால் முதுகு பழுத்துவிடும். என் பொய்க்கு வேறு காரணம் இல்லை. காந்தத்துக்கும் வாட்ச் ஓட்டத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றவேயில்லை.

சித்தப்பா மூன்று ஞாயிறு அதைப் பிரித்துப் பூட்டினார். பூட்டப் பூட்ட அது முந்திக்கொண்டே இருந்தது. அப்பா அவருக்கு 'எக்ஸ்பிரஸ் டாக்டர்' என்று பெயர் வைத்தார். நானும் தெருப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

நாலாவது ஞாயிறு திருகாணி ஒன்று தெறித்துப்போனது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா கொல்லைப்புறத்தில் வீட்டுக் குப்பையையெல்லாம் முறத்தில் போட்டுப் புடைத்தாள். சித்தப்பா தரையில் கன்னத்தை வைத்துத் தேடினார். பார்க்கப் பாவமாக இருந்தது. என் காந்தத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். எறும்புத் தலை அளவுக்கு அந்தத் திருகாணி ஒட்டிக்கொண்டு வந்தது.

பாராட்டுவார் என்று நின்றேன். அவர் காந்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்போலேர்ந்துடா உங்கிட்ட இருக்கு?"

"நீங்க அப்பா வாட்ச மொத மொத பிரிச்சீங்களே, அன்னிக்கு."

சித்தப்பா பிரிந்து கிடந்த வாட்சைப் பார்த்தார். பிறகு காந்தத்தை என் கையிலேயே திணித்தார்.

"அப்பாகிட்ட காட்டாத. போ."

அப்பா பிடுங்கிக்கொள்வார் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து, ஒளித்துவைத்தேன். திருகாணியை என் கண்ணே கண்டுபிடித்ததாக அப்பாவிடம் சொன்னேன். பையனுக்கு இருக்கிற கண் தம்பிக்கு இல்லை என்றார் அப்பா. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "என் கையே சரியில்லண்ணா. கடைல காட்டிடறேன்," என்றார்.

மறுநாள் அல்சூர் கடையிலிருந்து வாட்ச் சரியாகி வந்தது.

"தொழில் தெரிஞ்சவன் அஞ்சு நிமிஷத்துல முடிச்சான் பாத்தியா? நீ நாலு வாரம் நோண்டின," என்றார் அப்பா.

சித்தப்பா கருவிகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றினார். அதற்குப் பிறகு இறக்கவேயில்லை. இந்தக் கதையை நான் என் கல்யாணத்தில் சொன்னேன், அவருடைய அறுபதாம் கல்யாணத்திலும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

போன வாரம் ஃபிரிட்ஜ் காந்தத்தால் திருகாணியை எடுத்தேன். காந்தத்தை மேஜைமேல் வாட்சுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் பூட்டியதும் வாட்ச் பறந்தது. எரிச்சலோடு வீடியோவைத் தேடினேன். காந்தம் பட்டால் உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் முந்தும், பிரித்துப் பூட்டிப் பயனில்லை, காந்தத்தை நீக்குவதற்கென்று உள்ள கருவியில் ஒருமுறை காட்டினால் சரியாகிவிடும் என்றான் அதில் சொல்லித்தருபவன். வாட்ச் பிரிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடமாம்.

காந்தம் எப்போது கிடைத்தது என்று அவர் கேட்டபோது, நான் கிடைத்த நாளை மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை அவர் தெரிந்துகொண்டார் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை.